வெளிச்சம் விழுந்த பக்கம்

முதலில் ஒரு சின்ன விஷயம், இன்ஸ்பெக்டர் அம்மா. இந்த அறையின் டியூப்லைட்டை மாற்றச் சொல்லுங்கள். வந்ததிலிருந்து அது துடித்துக்கொண்டே இருக்கிறது. இதன் கீழே யார் உட்கார்ந்தாலும் குற்றவாளி முகமாகத்தான் தெரியும். காபி கொண்டுவந்த உங்கள் ஏட்டையாவையே ஒரு நிமிடம் நான் சந்தேகப்பட்டுவிட்டேன். மேற்கே அருமையான ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதை மறைத்து பீரோவைப் போட்டிருக்கிறீர்கள். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினால் சாயங்காலத்தில் இந்த அறையே வேறு மாதிரி ஆகிவிடும்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள். போலீசுக்கு எழுதிக்கொடுப்பது கோர்ட்டில் நிற்காது, வாயைத் திறக்காதீர்கள் என்று என் வக்கீல் சொன்னார். நின்றால் நிற்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். உங்களுக்கு அந்தப் படம் சரியாகப் புரிய வேண்டும் என்பதுதான் என் கவலை. நீங்கள் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர்கள் கோயமுத்தூரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் கோபாலசாமி. நிலக்காட்சி ஓவியன். வாரத்தில் இரண்டு நாள் சரவணம்பட்டியில் ஒரு அனிமேஷன் கல்லூரியில் வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். நல்ல பிள்ளைகள். வெளிச்சம் என்றால் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை இப்படியும் அப்படியும் இழுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் கோபப்படாமல், முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஹாலந்து ஓவியங்களைத் திரையில் போட்டுக் காட்டுவேன். அதைப் பரோக் காலம் என்பார்கள். பாதிப் பேர் தூங்குவார்கள்.

உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வழக்குக்கு வேண்டியது. அந்த ஓவியங்களில் தரை கொஞ்சம்தான் இருக்கும், மூன்றில் இரண்டு பங்கு வானம். வானம் முழுக்க மேகம். முன்னால் இருட்டு, அந்த இருட்டில் பட்டுப்போன மரம் ஒன்று நிற்கும். அது சாவு. ஒரு தடம் வளைந்து வளைந்து உள்ளே போகும். அது மனுஷனுடைய ஆயுசு. எங்கேயோ மேகம் கிழிந்து, நடுவில் ஒரே ஒரு துண்டு வயல்மேல் மட்டும் வெளிச்சம் விழும். அது கடவுளின் கருணை. கருவறை இருட்டில் கற்பூரம் காட்டும்போது நமக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை அல்லவா, அப்படித்தான் அந்தக் காலத்து ஆட்களுக்கு அந்த வெளிச்சமும் புரிந்தது.

இதை இந்த மண்ணில் வரையலாம் என்று கண்டுபிடித்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் புகுந்து வரும்போது பொள்ளாச்சி சாலையில் ஒருநாள் வண்டியை நிறுத்திப் பாருங்கள். அதே வானம், அதே கிழிசல், அதே ஒரு துண்டு வெளிச்சம். அவர்களுடைய பட்டுப்போன ஓக் மரத்துக்குப் பதிலாக இடி விழுந்து தலைபோன தென்னையை வைத்தேன். மரக் காற்றாலைக்குப் பதிலாக நம் உடுமலைப் பக்கத்துக் காற்றாலை. தூரத்தில் சர்ச் கோபுரத்துக்குப் பதிலாக மில் புகைபோக்கி. படம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மில்காரர்கள் என்பதால், கோபுரத்தைக் காணோம் என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஹாலந்துக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவர் வானமும் மரமும் தீட்டுவார். அதில் வருகிற குட்டி மனிதர்களையும் மாடுகளையும் பல சமயம் வேறொருவர் தீட்டுவார். அந்த வழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. ஆள் வரைய தம்பிதுரையைச் சேர்த்துக்கொண்டேன். நான் படித்த ஓவியக் கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்தவர். நான் தொரை என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் அண்ணன்.

தொரை கெட்டிக்காரர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர்களைப் பார்த்து வளர்ந்தவர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற இரண்டு தரகர்களை அரிசி அளவுக்கு வரைவார். யாருக்கு விலை படியவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரியும். 

அங்கேதான் தொல்லை. என் படத்துக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களை நான் ஓரமாக நின்று கவனிப்பேன். கண் முதலில் இருட்டில் தொடங்க வேண்டும். மொட்டைத் தென்னையைத் தாண்டித் தடத்தோடு நடந்து வெளிச்சத்துக்குப் போய், அங்கிருந்து வானத்துக்கு ஏற வேண்டும். அப்படித்தான் நான் கட்டியிருப்பேன். ஒருத்தரும் அப்படிப் போகமாட்டார்கள். நேராக மூக்கைக் கொண்டுபோய்க் கேன்வாஸ் துணியில் ஒட்டிக்கொண்டு, "அட, இங்க ஒராளு பீடி பத்த வெக்கறானுங்க" என்பார்கள். பிறகு எல்லோரும் அந்த ஆளையே பார்ப்பார்கள். அண்ணாந்து பார்த்த ஒருசிலரும் என் வானத்தையல்ல, சீலிங் ஃபேனைத்தான் பார்த்தார்கள்.

தொரையிடம் பதமாகச் சொல்லிப் பார்த்தேன். வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் ஆளை வைக்காதீர்கள், அது சும்மா இருக்கட்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"ஆளில்லாத காட்டுல வெளிச்சம் உழுந்து என்னங்ணா பண்ணப்போகுது? அது யாருக்குங்க?"

அடுத்த படத்திலும் அவர் ஆளை வெளிச்சத்திலேயே வைத்தார்.

போன வருஷம் வெங்கடலட்சுமி அம்மா வீட்டுக்கு ஒரு படம் செய்தோம். மில் நடத்திய அரங்கசாமிதான் அவர் வீட்டுக்காரர். அவர் போனதிலிருந்து அந்த அம்மா அதிகம் பேசுவதில்லை. அந்தப் படத்தில் சோளக்காட்டின்மேல் விழுந்த வெளிச்சத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மஞ்சளும் அல்ல, வெள்ளையும் அல்ல. பார்த்தால் கும்பிடத் தோன்ற வேண்டும். தோன்றியது. படத்தைத் தொரையிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அந்த வெளிச்சத்தின் நட்ட நடுவில், வேலி ஓரமாக ஒருவன் முதுகைக் காட்டி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றுக்கு இருந்துகொண்டிருந்தான்.

"என்ன தொரை இது?"

"நீங்க குடுத்த புக்குலதானுங்ணா பார்த்தேன். அந்த ஊர்க்காரனும் போட்டிருக்கறானுங்க."

போட்டிருக்கிறார்கள்தான். அதை மறுக்க முடியவில்லை. என் ஆயுசில் நான் வரைந்த கடவுளின் கருணையெல்லாம் ஒன்றுசேர்ந்து அவன்மேல் விழுந்துகொண்டிருந்தது. அழித்துவிடச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் வெங்கடலட்சுமி அம்மா பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சமையல்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார், டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐயா போனதற்கப்புறம் அம்மா சிரித்தது இன்றைக்குத்தான் என்று டிரைவர் தொரையின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கை சும்மாதான் இருந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "பொள்ளாச்சி ரோட்டுத் தோட்டத்து ஊட்டுக்குப் பெருசா ஒண்ணு பண்ணுங்க. இந்தவாட்டி வானத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க. ஆளுகளைக் கொஞ்சம் கூட்டிக்குங்க. வானம்தான் எங்கயும் இருக்குதுங்களே."

மரியாதையாகத்தான் சொன்னார். நானும் சரிங்கம்மா என்றேன். வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, இன்ஸ்பெக்டர் அம்மா. வேறு நல்ல வார்த்தை இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆனியில் தோட்டத்துக்குத் தனியாகப் போய்ச் சில நாள் உட்கார்ந்தேன். நல்ல இடம். நடுவில் இரண்டு பக்கமும் வேலி போட்ட பழைய வண்டித்தடம், இட்டேரி என்போம். இடது பக்கம் மக்காச்சோளம். வலது பக்கம் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. அதற்குப் பின்னால் பழைய கிணறு. பாறையை வெட்டி இறக்கிய கிணறு. போர்வெல் போட்ட பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, தண்ணீரும் இல்லை. இட்டேரியைப் பார்த்த பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்துபோயிருந்தது. முதல் நாளே தோட்டத்துச் சுப்பண்ணன் எனக்குச் சொல்லிவிட்டார், "அந்தப் பக்கம் மட்டும் போயிறாதீங்க சாமி" என்று. நான் போகவில்லை. தொரை அந்தத் தோட்டத்துக்கு அதுவரை வந்ததே இல்லை.

பிறகு தொரையைக் கூப்பிட்டேன். அம்மா சொன்னபடி இந்தத் தடவை ஆளுக்குத்தான் முதலிடம், நீங்களே வந்து நில்லுங்கள், உங்களைப் பார்த்து அளவு வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருஷத்தில் ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் வரைந்தவர், தன்னை ஒருமுறையும் வரைந்துகொள்ளவில்லை. கரை போட்ட புது வேட்டி, தலையில் துண்டு, தோளில் தடி, தடியில் ஒரு மூட்டை என்று வந்து நின்றார்.

"கனிஷ்காகிட்டச் சொல்லிட்டு வந்துட்டனுங்ணா, அப்பன் படத்துக்குள்ள போறேன்னு."

கனிஷ்கா அவர் மகள். மூன்றாவது படிக்கிறாள்.

மேகம் வந்துவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து இட்டேரியில் அவரை நிறுத்தினேன். இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, தொரையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் முதுகைக் காட்டித் திரும்பமாட்டார். என் வீட்டிலிருந்து கிளம்பினால்கூட வாசல்வரை என்னைப் பார்த்தபடியே பின்னால் நடந்துபோய்த்தான் செருப்பைப் போடுவார். நானும் என் மனைவியும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆகவே நான் செய்ததெல்லாம் பேச்சை நிறுத்தாமல் இருந்ததுதான்.

"கொஞ்சம் வலது பக்கமாப் பின்னால போங்க தொரை."

"இங்கீங்களாண்ணா?"

"இன்னுங் கொஞ்சம் போங்க."

"இங்க நெழலாட்ட இருக்குதுங்ணா."

"வெளிச்சம் உங்களுக்குப் பின்னாலதான் நிக்குது. இன்னும் நாலு எட்டு வெச்சாப் போதுங்க."

"வெளிச்சத்தைப் பத்தி நீங்க சொன்னாச் சரிங்ணா" என்று சொல்லிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே உண்ணிச்செடியை முதுகால் விலக்கிக்கொண்டு போனார்.

இரண்டு பேருமே ஒரு வார்த்தைகூட மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் விழுந்த அதே நேரம் மேகம் கிழிந்தது. இடது பக்கம், மக்காச்சோளத்தின் மேல். இத்தனை வருஷமாக நான் காத்திருந்த வெளிச்சம் அது. கதிரின் நுனி நுனியாகப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் ஆளில்லை, மாடில்லை, பீடியில்லை. வேகமாக வரைந்தேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ஏனுங்ணா... காலு போயிருச்சுங்ணா."

"இருங்க தொரை" என்றேன்.

"சரிங்ணா" என்றார்.

இருந்தார். என்னை நம்பி அவர் அங்கே பேசாமல் இருந்தார் என்பதை எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. இன்னொரு தடவை கூப்பிட்டார், முன்னைவிட மெதுவாக. அதற்கப்புறம் கூப்பிடவில்லை. வெளிச்சம் சோளத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் போகிறவரை வரைந்தேன். பிறகு பிரஷ்களை டர்பன்டைனில் கழுவினேன். உடனே கழுவாவிட்டால் முடி விறைத்துப்போகும். கழுவித் துடைத்து வைத்துவிட்டுச் சுப்பண்ணனைக் கூவிக் கூப்பிட்டேன். அவர் கயிற்றோடு ஓடிவந்து இறங்கினார். நேரமாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் முன்னால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

உங்களிடம் அப்போது கொடுத்த வாக்குமூலத்தில், வெளிச்சம் கிணற்றுப் பக்கம் நகர்ந்தது, அதனால் தொரையைப் பின்னால் போகச் சொன்னேன், அவசரத்தில் கிணறு நினைவுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தேன். நீங்களும் நம்பினீர்கள். ஓவியர்கள் கொஞ்சம் மறதிக்காரர்கள் என்று ஊரில் பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். சாவு வீட்டில் நான் அழுதேன். நடிப்பு இல்லை.

படத்தை முடித்துத் தோட்டத்து வீட்டில் மாட்டிய அன்றைக்கு வெங்கடலட்சுமி அம்மா எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். உங்களையும்தான், நீங்கள் பட்டுச்சேலையில் வந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தொரையின் மனைவியும் கனிஷ்காவும் வந்தார்கள். முதல்முறையாக என் படத்தில் ஆளே இல்லை. இனியாவது வானத்தைப் பார்ப்பார்கள் என்று நின்றேன். ஒவ்வொருவராக வந்து மூக்கைத் துணியில் ஒட்டிக்கொண்டு தேடினார்கள். "ஆளு எங்கீங்க?" என்று என்னையே கேட்டார்கள். கனிஷ்கா ஸ்டூல் போட்டு ஏறி, மூலை மூலையாக விரல் வைத்துத் தேடினாள்.

"அப்பா எங்கீங்க மாமா? படத்துக்குள்ள போறேன்னு சொன்னாங்களே."

"வானத்தைப் பாரு கண்ணு" என்றேன்.

அவள் பார்க்கவில்லை. தேடிக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது, அவமானமாகவும் இருந்தது. அந்த எரிச்சலில்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்து வாயைக் கொடுத்தேன். ஹாலந்துக்காரர்களே வீட்டுக்குள் உட்கார்ந்து இஷ்டத்துக்கு வெளிச்சம் போட்டவர்கள்தான். இந்தப் படத்தில் ஒரு அங்குல வெளிச்சத்தைக்கூட நான் நகர்த்தவில்லை, தொரை விழுந்த அன்றைக்கு அந்த நேரத்தில் எங்கே விழுந்ததோ அங்கேதான் இருக்கிறது, இது சத்தியம் என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் மட்டும் முதலிலிருந்து பார்த்தீர்கள். முன்னால் இருட்டு, மொட்டைத் தென்னை, இட்டேரி, பிறகு சோளக்காட்டு வெளிச்சம், அதன்பின் வானம். அப்படியே நான் கட்டிய வழியில் உங்கள் கண் போனது. என் வாழ்க்கையில் ஒருத்தர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டீர்கள்.

"கெணறு எந்தப் பக்கமுங்க?"

வலது பக்கத்தைக் காட்டினேன். உண்ணிச்செடி. கன்னங்கரேல் என்று நிழல்.

"அங்க வெளிச்சமே இல்லீங்களே. அப்பறம் ஏனுங்க அவரை அங்க போகச் சொன்னீங்க?"

தப்பிக்க வழி இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் நான் நடத்துகிற பாடமே அதுதான். இது படம் அம்மா, வெளிச்சத்தை வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்வோம், ஒரு பேச்சுக்குச் சத்தியம் என்றேன் என்று சொல்லியிருந்தால் நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஃபைலை மூடிவிட்டுப் பாயசம் குடித்துவிட்டுப் போயிருப்பீர்கள். ஆனால் அந்த வெளிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? அதற்காகத்தானே இவ்வளவும். என்னால் முடியவில்லை. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆக, தம்பிதுரையைக் கிணற்றுக்குள் அனுப்பியது நான்தான். தெரிந்தேதான் அனுப்பினேன். கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் எழுந்திருக்கவில்லை. இதில் நீங்கள் எந்தச் சட்டப் பிரிவைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் முதல் வாக்குமூலத்தில் வெளிச்சம் கிணற்றுப் பக்கம் இருந்ததாக எழுதிய வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. வெளிச்சத்தைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பொய் சொன்னதே இல்லை, அந்த ஒரு வரியையும் தொரையிடம் சொன்னதையும் தவிர.

அவைகூட வாயாலும் பேனாவாலும் சொன்னவைதான், வரைந்தவை அல்ல.